ஒலீட்டாவின் இடது கை

ஒலீட்டா ஸ்ட்ரேஹார்னுக்குக் குதிரை என்றால் பயம். வெதர்ஃபோர்டில் போய் இதைச் சொன்னால் சொன்னவனைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். மந்தையிலிருந்து மாடு பிரிக்கும் குதிரைகளைப் பழக்குவதில் டெக்சஸின் அந்தப் பக்கத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தீவனக் கடைச் சுவரில் அவள் படம் தொங்குகிறது. முப்பத்தொரு வயதில் கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம். பெண்ணாகப் பிறந்தவள் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாள் என்று கேட்டவர்களெல்லாம் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவள், ஐம்பத்தாறு வயதில், தினமும் காலையில் லாயத்துக்குப் போகும் முன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். கட்டின புருஷன் லெராய்க்கே இது தெரியாது. அவன் சமையலறையில், பிஸ்கட் என்று அந்த ஊரில் சொல்லும் மெத்து ரொட்டிக்குக் குழம்பு கிண்டிக்கொண்டிருப்பான்.

பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் அப்பா ஜாக்ஸ்பரோ பக்கத்துப் பண்ணைகளில் மாடு மேய்த்த கூலிக்காரர். இன்று ஒரு பண்ணை, நாளை இன்னொன்று. வீடு என்று ஒன்று நிலையாக இல்லாத குழந்தைக்குச் சேணம்தான் வீடு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கும் ஏறவில்லை, எழுத்தும் ஏறவில்லை. மாட்டின் காது எந்தப் பக்கம் மடிந்தால் கால் எந்தப் பக்கம் பாயும் என்பது மட்டும் சொல்லிக்கொடுக்காமலே ஏறியது. பதினேழு வயதில் அடுத்தவர் குதிரையில் ஏறிப் போட்டிக்குப் போனாள். தோற்றாள், மறுபடி போனாள், மறுபடி தோற்றாள். அதற்கப்புறம் தோற்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், சொல்லச் சிறிது நேரம்தான் ஆகும். மந்தைக்குள் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு போய், ஒரே ஒரு மாட்டை வெளியே ஓட்டிவர வேண்டும். மாடு வெளியே வந்ததும் கடிவாள வாரைப் பிடித்திருக்கும் கையைக் குதிரையின் கழுத்தில் இறக்கி வைத்துவிட வேண்டும். அதற்குமேல் எல்லாம் குதிரைதான். மாடு மந்தைக்குத் திரும்பப் பார்க்கும், குதிரை குறுக்கே விழுந்து மறிக்கும். மேலே இருப்பவர் கையைத் தூக்கி வாரை இழுத்தால் ஒரு புள்ளி போகும். மாடு தப்பி மந்தைக்குள் புகுந்துவிட்டால் ஐந்து புள்ளி போகும். இரண்டரை நிமிஷம். இதிலென்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், ஓடுகிற லாரியின் கூரைமேல் நின்றுகொண்டு ஓட்டுநரைப் பார்த்து 'உன் இஷ்டப்படி திருப்பிக்கோ' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

இந்த இரண்டரை நிமிஷத்துக்கு உதவியாக நான்கு பேர் குதிரையில் நிற்பார்கள். இரண்டு பேர் பின்னால், மந்தை கலையாமல் பார்த்துக்கொள்ள. இரண்டு பேர் முன்னால், எதிர்முனைக்கு ஓடும் மாட்டைத் திருப்பிவிட. இந்த நான்கு பேரும் வேறு யாருமில்லை, கூடப் போட்டியிடுகிறவர்கள்தான். நீ ஜெயித்தால் எனக்குக் கோப்பை கிடையாது. இருந்தாலும் உன் மாட்டை உன் பக்கம் திருப்பிவிட நான்தான் தொண்டை கிழியக் கத்துவேன். ஒருவன் மனசில்லாமல் உதவினான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அவன் அதற்கப்புறம் வெதர்ஃபோர்டில் ஒரு காப்பி குடிக்க முடியாது.

ஒலீட்டாவுக்கு முன்னால் நிற்பது எப்போதும் ஹாலிஸ் பர்ல்சன். அவனுக்குப் பின்னால் மந்தை காப்பது எப்போதும் ஒலீட்டா. இருவரும் சின்ன வயதிலிருந்து போட்டிக்காரர்கள். ஒருவர் கோப்பையை மற்றவர் தட்டிப் பறித்துக்கொண்டே தலை நரைத்தவர்கள். ஹாலிஸ் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கும் கழுதைகூடச் சிரிக்கும். பயம் என்ற ஒன்றை ஆண்டவன் அவனுக்கு வைக்க மறந்துவிட்டான் என்று ஊரே சொல்லும். பின்னாலிருந்து பார்த்தால், மாடு எப்படிப் பாய்ந்தாலும் அவன் தோள் தளர்ந்தே இருக்கும். தேவாலயத்து பெஞ்சில் தூங்குகிறவனின் முதுகு அது. ஒலீட்டா அந்த முதுகை முப்பது வருஷமாகப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வசந்தகாலப் போட்டியில்தான் அது நடந்தது. டீக்கன் என்ற செம்பழுப்புக் குதிரை. ஒலீட்டா பழக்கியதிலேயே அருமையானது. மாடு இடதுபுறம் வெட்டித் திரும்பியது, டீக்கனும் திரும்பியது, பின்னங்கால் இரண்டும் ஒரேயடியாக வழுக்கிப் போயின. அரை டன் குதிரை அவள்மேல் சாய்ந்தது. சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு இடுப்பில் இறங்கியது. முன்னால் நின்ற ஹாலிஸ்தான் முதலில் பாய்ந்து வந்து, டீக்கன் திமிறி அவளை மிதித்துவிடாமல் அதன் தலைமேல் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டான். டீக்கன் பிழைத்தது. இடுப்பெலும்பு மூன்று துண்டானதோடு ஒலீட்டாவும் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த நாளெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்தது. விழுந்த நேரத்தில் இடது கை குதிரையின் கழுத்தில் இருந்தது. கொஞ்சம் தூக்கியிருந்தால், வாரைச் சற்றே இழுத்திருந்தால், டீக்கன் நின்றிருக்கும். இது உண்மையில்லை. வழுக்குகிற குதிரையை வார் பிடித்து நிறுத்திய மனிதர் எவருமில்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? கைக்குத் தெரியவில்லையே. அடுத்த வருஷம் அவள் மறுபடி சேணம் ஏறினபோது ஊரே கை தட்டியது, லெராய் அழுதான். அங்கவடியில் கால் வைத்த அந்த நொடியில் அவளுக்கு ஈரக்குலை நடுங்கிப்போனது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

சரியாகவில்லை. பெரிய போட்டிகளுக்கு ஏதேதோ சாக்குச் சொல்லி ஒதுங்கினாள். வீட்டில் பழக்குவதும், ஹாலிஸுக்கு மந்தை காப்பதும் மட்டும் நடந்தது. குட்டிக் குதிரைக்கு முதல் இரண்டு வருஷம் கையைத் தூக்கி வழிகாட்டித்தான் சொல்லித்தர வேண்டும் என்பதால், ஒலீட்டாவின் கை ஏன் எப்போதும் தூக்கியே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பயம் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

அந்த நேரத்தில்தான் ஜூன்பக் வந்தாள். கோடையில் விளக்கைச் சுற்றி முட்டிக்கொள்ளுமே ஒரு பழுப்பு வண்டு, அதன் பெயர். குள்ளமான, பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. எண்பது வயது விதவை ஃபே அம்மா தன் பண்ணையில் பிறந்த குட்டியை ஒலீட்டாவிடம் கொண்டுவந்து விட்டாள்.

"இன்னொரு குட்டி பிறந்து அதுக்கு மூணு வயசாகிற வரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ, இதுதான் கடைசி. இதுக்கு மூணு வயசாகிற டிசம்பர்ல ஃபோர்ட் வொர்த்துக்கு இதைக் கூட்டிட்டுப் போ. நீதான் ஏறணும். வேற எவனையாவது ஏத்தினேன்னு தெரிஞ்சா உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துடுவேன்."

"ஏறறேன், ஃபே அம்மா," என்றாள் ஒலீட்டா. வேறு என்ன சொல்வது?

ஃபோர்ட் வொர்த் டிசம்பர் போட்டி மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டும். அதுவரை எந்தப் போட்டியும் பார்க்காத குதிரைகளாக இருக்க வேண்டும். பழக்குகிறவர்கள் அந்த வருஷ இலையுதிர் காலம் வந்ததும் வீட்டிலேயே கையை இறக்கிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். குதிரை தானாகவே மாட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது அப்போதுதான். ஒலீட்டாவும் ஒவ்வொரு நாளும் இன்றைக்கு இறக்கிவிடுவது என்றுதான் ஏறுவாள். தரை ஈரமாக இருக்கிறதே, நாளைக்குப் பார்ப்போம். மாடு மந்தமாக இருக்கிறதே, வெள்ளிக்கிழமை புது மாடு வரட்டும். வெள்ளிக்கிழமை வரும், காற்று பலமாக அடிக்கும். இப்படியே அக்டோபர் போனது, நவம்பரும் போனது.

ஜூன்பக் புத்திசாலி. அதுதான் வினையாகிவிட்டது. ஒரு காது எப்போதும் மாட்டின்மேல் இருக்கும், இன்னொரு காது பின்னால் மடிந்து ஒலீட்டாவின் கைக்காகக் காத்திருக்கும். கை சொன்னால் பாயும். கை சொல்லாவிட்டால் நிற்கும். தன் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி ஒரு நல்ல குதிரையைக் கெடுத்து வைத்திருக்கிறோம் என்பது ஒலீட்டாவுக்கு நவம்பர் கடைசியில் தெளிவாகப் புரிந்தது. வேறொருவர் இப்படிச் செய்திருந்தால் அவர் முகத்துக்கு நேரே காறித் துப்பியிருப்பாள். அன்று லாயத்தின் தூணில் சாய்ந்துகொண்டு தனக்குள் ஒரு முடிவு எடுத்தாள். ஃபோர்ட் வொர்த்தில் இந்தக் கை எழுந்தால் அதோடு சரி. லெராயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு லாயத்தை மூடிவிட வேண்டும். பயப்படுகிறவளிடம் குதிரை வளரக் கூடாது.

முதல் சுற்றுகளில் கை எழவில்லை. ஆனால் அது ஒரு திருட்டுத்தனம். வாரை வழக்கத்தைவிடக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு கையைக் கழுத்தில் வைத்தாள். சுண்டு விரலை மடக்கினால் போதும், கடிவாளம் இழுபடும். போதாததற்கு மந்தையில் இருந்ததிலேயே சோம்பேறி மாடுகளாகப் பார்த்துப் பிரித்தாள். மாட்டைப் படிப்பதில் அவளுக்கு இணை யார்? நடுவர்கள் கவனிக்கவில்லை. சுமாரான புள்ளியோடு தட்டுத்தடுமாறி இறுதிச் சுற்றுக்கு வந்து சேர்ந்தாள். லெராய் தொப்பியைத் தூக்கி எறிந்து கூத்தாடினான். அவள் அடுத்து வரப்போகும் மாடுகளை நினைத்தாள். இறுதிச் சுற்றுக்கு வரும் மாடுகள் புதியவை, துடிப்பானவை. சுண்டு விரல் அங்கே செல்லாது.

இறுதிச் சுற்று அன்று பகலில் ஹாலிஸ் அவளைத் தேடிக்கொண்டு குதிரைக் கொட்டகைக்கு வந்தான். கையில் இரண்டு காகிதக் கோப்பை காப்பி.

"இந்தா, குடி. மூஞ்சி ஏன் வெளுத்த துணி மாதிரி இருக்கு?"

"தூக்கமில்ல."

"உனக்கா? நீ மாட்டு லாரியில நின்னுட்டே தூங்குறவளாச்சே." ஹாலிஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உன் சுண்டு விரலைப் பாத்தேன்."

ஜூன்பக்கின் வாலைச் சீவிக்கொண்டிருந்த ஒலீட்டா சீவிக்கொண்டே இருந்தாள்.

"நடுவருங்க மேலேர்ந்து பாக்குறாங்க. நான் நேருக்கு நேர் நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றான் ஹாலிஸ். "யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு வந்த? என்னைக் கிண்டல் பண்ணவா?"

"ஒரு உதவி கேக்க வந்தேன், மகாராணி. எனக்கு முன்னாடி நிக்கிற பையன் முட்டியில காலையில குதிரை உதைச்சிடுச்சு. ஊதிப்போய்க் கிடக்கான். நீ முன்னாடி வரணும்."

"நான் மந்தைதானே பாப்பேன்?"

"மந்தைக்கு ஆள் சொல்லிட்டேன். முன்னாடி நிக்க, மாட்டைத் தெரிஞ்ச ஆள் வேணும்."

மந்தை காப்பது நின்ற இடத்திலேயே நிற்கும் வேலை. விபத்துக்கு அப்புறம் ஒலீட்டாவுக்கு அது சொர்க்கமாக இருந்தது. முன்னால் நிற்பதோ பாய்ந்து, திரும்பி, மறுபடி பாய வேண்டிய வேலை. ஆனால் இந்தத் தொழிலில் உதவி கேட்டவனுக்கு முடியாது என்று சொன்ன வாய் கிடையாது. அதிலும் டீக்கனின் தலைமேல் உட்கார்ந்தவனுக்கு.

"உனக்கு எப்போ?" என்று கேட்டாள்.

"உனக்கு முந்தின ஓட்டம். என்னுதை முடிச்சுட்டு உனக்கு முன்னாடி வந்து நிக்கிறேன். வழக்கம்போல."

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒலீட்டா தன் கிழட்டு வெள்ளைக் குதிரையில் ஏறி மணல்மேல் போய் நின்றாள். அவளுக்கு இடதுபுறம் இன்னொரு ஆள். எதிரே, தூரத்தில் மந்தை. ஹாலிஸ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மந்தைக்குள் நுழைந்தான். மாடுகள் அவனைச் சுற்றித் தண்ணீர்போல் பிரிந்தன. கறுப்புக் கிடாரி ஒன்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். கையை இறக்கினான்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒலீட்டா ஓட்டத்தின் நடுவே அவன் முகத்தைப் பார்த்தாள்.

அது ஹாலிஸின் முகமாகவே இல்லை. சாம்பல் பூசியதுபோல் இருந்தது. கீழுதட்டைப் பல்லால் கவ்வியிருந்தான், மோவாயில் ஒரு கோடு ரத்தம். கண் இரண்டும் பிதுங்கி நின்றன. கிணற்றுக்குள் கயிறு கட்டி இறக்கப்படுகிறவனின் கண்கள் அவை. கறுப்புக் கிடாரி பாயும்போதெல்லாம் அவன் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது, அடிபட்ட நாய்போல. அத்தனை தூரத்திலிருந்து சனத்துக்கு அது கேட்காது. முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.

ஆனால் கை கழுத்திலேயே இருந்தது. வார் நீளமாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. குதிரை தன் இஷ்டப்படி விளையாடியது.

ஒலீட்டா ஒரு நொடி தன் வேலையை மறந்தேபோனாள். கிடாரி அவளைத் தாண்டப் பார்க்க, பக்கத்து ஆள், "ஏம்மா, தூங்குறியா? மாடு, மாடு!" என்று கத்தினான். கிழட்டு வெள்ளையைத் தட்டிவிட்டுப் பாய்ந்தாள். திருப்பினாள். மறுபடி பாய்ந்தாள். எத்தனை முறை பாய்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மணி அடித்தபோது சனம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி வணங்கினான். திரும்பி வந்தபோது முகம் பழையபடி சிரித்த முகம்.

ஜூன்பக்கை லெராய் காதுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க, வாசலருகே ஒலீட்டா ஹாலிஸை மடக்கினாள்.

"எப்ப இருந்து?"

ஹாலிஸ் தெரியாததுபோல் நடிக்கவில்லை. உதட்டு ரத்தத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். "எப்ப இருந்துன்னா? முதல் நாள்லேர்ந்துதான்."

"எல்லா ஓட்டத்துலயுமா?"

"எல்லாத்துலயும். காலையில சாப்பாடே இறங்காது. உங்க யாருக்கும் தெரியாம இருக்கணும்னுதான் இவ்வளவு வாய் பேசுறேன். வாய் ஓயாம இருந்தா எவனும் மூஞ்சியைப் பாக்க மாட்டான்."

"நான் இத்தனை வருஷமா உன் முதுகையே பாத்துட்டு இருந்துட்டேன்யா."

"முதுகு நல்லாதான் இருக்கும். எங்கம்மாவே சொல்லியிருக்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பயம் போகட்டும், போனதும் கையை இறக்கலாம்னு ஆறு வருஷமா காத்துட்டு இருக்கேன், ஹாலிஸ்."

"போகுமா? எங்க போகும்? அதுக்குப் போக வேற வீடு ஏது?" என்றான் அவன். "சரி, ஏறு. உன் பேரைக் கூப்பிடுறான்."

ஏறினாள். பயம் எள்ளளவும் குறையவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் பயம் பறந்துபோய்விடும். ஒலீட்டாவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. மந்தையை நோக்கி நடக்கும்போது ஒன்றே ஒன்று செய்தாள். கையை வாரில் பின்னுக்கு நகர்த்தி, முழு நீளத்துக்கும் விட்டாள். இனிமேல் சுண்டு விரல் மடங்கினாலும் குதிரைக்குத் தெரியாது.

மந்தையின் அடி ஆழத்தில் வெள்ளை மூஞ்சிக் கிடாரி ஒன்று இருந்தது. துடியான மாடு. நேற்றாக இருந்தால் அதன் பக்கமே போயிருக்க மாட்டாள். அதைப் பிரித்து வெளியே கொண்டுவந்தாள். எதிரே ஹாலிஸ் நின்றான், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. இடது கையைக் கொண்டுபோய் ஜூன்பக்கின் கழுத்தில் வைத்தாள்.

ஜூன்பக் நின்றுவிட்டாள்.

ஒரு காது பின்னால் மடிந்தது. கைக்காகக் காத்திருந்தாள், பாவம், இரண்டு வருஷம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே. கிடாரி இடதுபுறம் ஓர் எட்டு வைத்துப் பார்த்தது. குதிரை அசையவில்லை. ஒலீட்டாவின் கை தானாகத் துடித்தது. கொஞ்சம் தூக்கினால் போதும், குதிரை பாயும், ஒரே ஒரு புள்ளிதான் போகும், மாடு தப்பாது. மேலே சனம் கத்தியது. "தூக்கு! கையைத் தூக்கும்மா!" லெராயின் குரலும் அதில் இருந்தது. மூளை இருக்கிற எவரும் தூக்கியிருப்பார்கள். ஒலீட்டா பிடரி மயிரை விரல்களில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

வெள்ளை மூஞ்சி அவர்களைத் தாண்டி நிதானமாக ஓடி மந்தைக்குள் புகுந்தது. ஐந்து புள்ளி. கோப்பை அங்கேயே போய்விட்டது. கூட்டத்தில் 'ச்சே' என்று ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

நேரம் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. மாட்டை விட்டவர்களில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டு ஏனோதானோவென்று முடித்துக்கொள்வார்கள். ஒலீட்டா மறுபடியும் மந்தைக்குள் போனாள். ஒரு செவலைக் கிடாரியைப் பிரித்தாள். அது முதலாவதைவிடத் துடுக்கு. கையை இறக்கினாள்.

ஜூன்பக்கின் காது மறுபடி பின்னால் மடிந்தது. செவலை வலதுபுறம் தலையைத் திருப்பியது. மேலே கையிலிருந்து எதுவும் வரவில்லை. வரப்போவதில்லை. அந்தப் பின்காது மெல்ல, யோசித்து யோசித்து, முன்னால் வந்தது. இப்போது இரண்டு காதும் மாட்டின்மேல்.

அப்புறம் குதிரை பதுங்கிப் பாய்ந்த வேகத்தில் அதன் வயிறு மணலைத் தொட்டது.

நன்றாக இருந்தது என்று சனம் பின்னால் சொன்னது. ஒலீட்டாவுக்கு அது நன்றாக இல்லை. அது ஒரே பீதி. உலகம் வலதுபுறம் பிய்த்துக்கொண்டு போனது, இடதுபுறம் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு திருப்பத்தில் பின்னங்கால் இரண்டும் சறுக்கின. அதே சறுக்கல். இடுப்பெலும்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. ஒலீட்டா வாய்விட்டு அலறினாள். 'செத்தேன்' என்றே நினைத்தாள். குதிரை எப்படியோ காலை ஊன்றி எழுந்து செவலையின் மூக்குக்கு எதிரே போய் நின்றது. எதிரே ஹாலிஸ் மாட்டைத் திருப்பிக்கொண்டே அழுதுகொண்டிருந்தான், அல்லது வேர்வையாக இருக்கலாம். மணி அடித்தது.

வாசலுக்கு வெளியே வந்ததும் லெராய் ஓடிவந்தான். "இறங்கு, லீட்டா." அவளால் இறங்க முடியவில்லை. இடது கை விரல்கள் திறக்க மறுத்தன. ஹாலிஸ்தான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். உள்ளங்கையில் ஒரு கொத்துப் பழுப்பு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கை எழவே இல்ல," என்றான் அவன் தாழ்ந்த குரலில். "நான் பாத்தேன்."

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் அவள்தான் கடைசி. ஹாலிஸுக்கு இரண்டாவது இடம். ஃபே அம்மா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"ஏன்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு புள்ளியோட போயிருக்கும். அஞ்சைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிற. ஏன் கையைத் தூக்கல?"

"தூக்கியிருந்தா, ஃபே அம்மா, இவ ஆயுசு முழுக்க என் கையையே எதிர்பாத்துட்டு நின்னிருப்பா. தப்பு இவ மேல இல்ல. நான்தான் கெடுத்து வெச்சிருந்தேன். எனக்குப் பயம்."

"என்ன பயம்?"

"விழுந்துடுவேன்னு."

கிழவி அவளைப் பார்த்தாள். அப்புறம் ஜூன்பக்கைப் பார்த்தாள். "எனக்கு இப்போ கோபமா வருது. கோபம் ஆறினதும் என்ன செய்யறதுன்னு சொல்றேன். அதுவரைக்கும் உன் லாயத்துலயே வெச்சுத் தீனி போடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

லெராய் அப்போது குதிரைக்குப் போர்வை எடுக்கப் போயிருந்தான். இது எதுவும் அவன் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் வீட்டில் ஒலீட்டா எழுந்தாள், சட்டையை மாட்டினாள், வழக்கம்போல வயிறு புரட்டியது. குளியலறைக்குள் போனாள். கதவைச் சாத்தக் கை நீட்டியவள் அப்படியே விட்டுவிட்டாள். குழாயையும் திறக்கவில்லை.

லெராய் கரண்டியோடு ஓடிவந்தான். "ஐயோ, என்ன ஆச்சு? நேத்து ராத்திரி தின்ன இறைச்சி ஒத்துக்கலயா?"

"இல்ல. பயம்."

"எதுக்குப் பயம்?"

"குதிரைக்கு."

லெராய் பெரிதாகச் சிரித்தான். ஊரில் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"டீக்கன் விழுந்ததுலேர்ந்து. தினமும்." அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவை மறித்து நின்றவனை மெல்லத் தள்ளினாள். "சாயங்காலம் எல்லாம் சொல்றேன். இப்போ நகரு, லெராய். ஜூன்பக் காத்துட்டு இருப்பா."